பேராயர் லூயி மத்தியாசும் நம் ஊர்க் குருமடமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



பூந்தமல்லியில் “செமினரி எங்கே?” என்று யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஆனால் “அதைக் கட்டியவர் யார்?” என்று கேட்டால் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஆண்டு மலருக்காக ஓர் ஆயரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று மறைக்கல்வி சிஸ்டர் எங்கள் வகுப்பிடம் சொன்னபோது, நாங்கள் ஐந்து பேர் மாமரத்தடியில் உட்கார்ந்து யாரைப் பற்றி எழுதுவது என்று ஒரு மதிய இடைவேளை முழுவதும் விவாதித்தோம். ஒருத்தி தூத்துக்குடி ரோச் ஆண்டகையைச் சொன்னாள். மற்றொருத்தி, இப்போதுள்ள பேராயரைப் பற்றி எழுதினால் எளிதாக இருக்கும் என்றாள். இன்னொருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். அவளுடைய அண்ணன் சென்ற ஜூன் மாதம் குருமடத்தில் சேர்ந்திருக்கிறார். ஒரே மகன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட நாளிலிருந்து அவளுடைய அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. “இந்தச் செமினரியை முதல்லே யாரு கட்டினது? அதை எழுதுவோம்” என்று கடைசியில் அவள்தான் சொன்னாள். அவள் குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடத்த வரும் பிரதரைக் கேட்டோம். “பேராயர் லூயி மத்தியாஸ். பிரெஞ்சுக்காரர். 1936” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்காரர் என்றதும் எங்களுக்கு முகம் வாடியது. நம் மண்ணின் ஆயர்கள் இத்தனை பேர் இருக்க, எங்கோ பாரிஸ் நகரில் பிறந்தவரைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் படிக்கத் தொடங்கினோம்.

முதலில் ஆயர் என்பவர் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நம் பாட்டிமார் ‘மேற்றிராணியார்’ என்றும் ‘பிஷப் ஆண்டவர்’ என்றும் சொல்வது இவரைத்தான். அண்டை மாநிலமான கேரளத்தில் இன்றும் ‘மெத்ரான்’ என்பார்கள். அப்போஸ்தலர்களின் வழிவந்தவராக ஒரு மறைமாவட்டத்தை மேய்ப்பவர் அவர். நியமிப்பவர் திருத்தந்தை. இன்றைய திருச்சபைச் சட்டப்படி, ஆயராவதற்குக் குறைந்தது 35 வயது நிறைந்திருக்க வேண்டும். குருவாகி 5 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். 75 வயது நிறைந்ததும் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். ஆயர் அமரும் இருக்கை உள்ள கோவிலே பேராலயம். கையிலுள்ள செங்கோலைப் பார்த்து, அது அரசனுடைய கோல் என்று நாங்கள் சிறுவயதில் நினைத்திருந்தோம். அது ஆடு மேய்ப்பவனின் கோல் என்று சிஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

லூயி மத்தியாஸ் 1887ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள் பாரிசில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவிலுள்ள டூனிசியாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தொன் போஸ்கோவின் சலேசிய சபையாரோடு பழக்கம் ஏற்பட்டு, இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் சென்று அச்சபையில் சேர்ந்தார். 1913இல் குருப்பட்டம் பெற்றார். பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது ஒரு நாடு, படித்தது ஒரு நாடு. பிறகு உழைத்ததும் வேறொரு நாடு. எங்களில் பலர் செங்கற்பட்டைத் தாண்டிப் போனதில்லை!

சலேசிய சபையார் நம் நாட்டில் முதன்முதலாகக் கால் வைத்தது தமிழ் மண்ணில்தான். 1906இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். ஆனால் மத்தியாஸ் அடிகளுக்குக் கிடைத்தது தஞ்சாவூர் அல்ல, அஸ்ஸாம். அங்கே 1890 முதல் சல்வத்தோரியன் சபையைச் சேர்ந்த ஜெர்மானியக் குருக்கள் உழைத்துவந்தார்கள். முதல் உலகப் போர் மூண்டபோது அவர்கள் எதிரி நாட்டவர் என்று சொல்லி, 1915இல் ஆங்கில அரசு அவர்களை வெளியேற்றிவிட்டது. கல்கத்தாவிலிருந்து சேசு சபையார் இடைக்காலத்தில் கவனித்துக்கொண்டாலும் மந்தை ஏறக்குறைய அநாதையாகவே இருந்தது. அங்கேதான் 1922 ஜனவரியில் 11 சலேசியர் கொண்ட குழு ஷில்லாங் மலைக்கு வந்துசேர்ந்தது. குழுவின் தலைவர் மத்தியாஸ். அப்போது அவருக்கு வயது 34. அந்த ஆண்டிலேயே அஸ்ஸாம் முழுவதற்கும் ‘அப்போஸ்தலிக்க அதிபர்’ என்ற பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. ஆயர் அபிஷேகம் இல்லாமல் ஆயரின் நிர்வாகப் பொறுப்பைச் சுமப்பது என்று இதற்குப் பொருள்.

மலை, காடு, மழை, ஒரு மொழி தெரிந்தால் அடுத்த மலையில் வேறு மொழி. இந்த நிலையில் பள்ளிகள், தொழிற்பள்ளி, அநாதை இல்லம், மருந்தகம் என்று ஒவ்வொன்றாக எழுப்பினார்கள். சலேசிய அருட்சகோதரிகளும் 1923இல் அஸ்ஸாமுக்கு வந்துசேர்ந்தார்கள். (ஆண் துறவியரின் பெயர்கள் நூல்களில் நிறைய இருக்கின்றன, சகோதரிகளின் பெயர்களைத் தேடினால்தான் கிடைக்கின்றன. இதை நாங்கள் குறையாகவே சொல்கிறோம்.) மத்தியாஸ் அடிகள் தமக்கென்று ஒரு விருதுவாக்கு வைத்திருந்தார். இலத்தீனில் ‘அவுதே எத் ஸ்பேரா’. ‘துணிந்திடு, நம்பியிரு’ என்று நாங்கள் அதைத் தமிழாக்கியிருக்கிறோம். 1934இல் ஷில்லாங் மறைமாவட்டமாக உயர்ந்தபோது அவரே அதன் முதல் ஆயரானார். ஓராண்டுகூட முடியவில்லை. 1935 மார்ச்சில் சென்னைக்குப் பேராயராக மாற்றப்பட்டார். அவருக்கு முன் சென்னையில் இருந்த மெதர்லே ஆண்டகையும் சலேசியரே. 1934 டிசம்பரில் காலமாகியிருந்தார்.

இனிச் சொல்லப்போவது எங்களுக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது. ஆகவே பொறுமையாகச் சொல்கிறோம்.

மத்தியாஸ் ஆண்டகை வந்தபோது ஒரே சென்னை நகரத்தில் இரண்டு ஆயர்கள் இருந்தார்கள்! இருவரும் கத்தோலிக்கரே, இருவரும் திருத்தந்தைக்குக் கீழ்ப்பட்டவர்களே. ஒருவர் மயிலாப்பூர் ஆயர். புனித தோமையாரின் கல்லறை உள்ள சாந்தோம் கோவில் அவருடைய பேராலயம். அந்த மறைமாவட்டம் 1606ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. அந்நாளில் கிழக்கு நாடுகளில் மறைபரப்பும் பணிக்குப் போர்த்துக்கல் அரசர் பொருளுதவி செய்ததால், ஆயரைத் தெரிந்து முன்மொழியும் உரிமை அவருக்குத் தரப்பட்டிருந்தது. ‘பதுரவாதோ’ என்று அதற்குப் பெயர். நாளடைவில் போர்த்துக்கலின் வலிமை குறைந்தது. ஆனால் உரிமையை மட்டும் விட மனமில்லை. ஆகவே உரோமை தன் மறைபரப்புப் பேராயத்தின் வழியாக நேரடியாகக் குருக்களை அனுப்பியது. அப்படி வளர்ந்ததுதான் சென்னை மறைமாவட்டம். அது 1832இல் திருத்தூதரக ஆட்சிப்பகுதியாக ஏற்பட்டு, 1886இல் உயர்மறைமாவட்டமாயிற்று. பாரிமுனையருகே ஆர்மேனியன் தெருவிலுள்ள புனித மரியன்னை கோவில் அதன் பேராலயம்.

ஒரே ஊருக்குள் சில கோவில்கள் சாந்தோமுக்கு, சில கோவில்கள் ஆர்மேனியன் தெருவுக்கு. போதாததற்கு, வேளாங்கண்ணியும் தஞ்சாவூரும் எங்கேயோ இருக்க, அவை மயிலாப்பூர் ஆயரின் பொறுப்பில் இருந்தன. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு மூட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்திருக்கும் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவள் கூட்டுக்குடும்பத்திலிருந்து வருபவள், அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஊருக்கு வந்த புதுப் பேராயர் முதலில் எதைச் செய்வார்? பெரிய மாளிகை கட்டலாம். கல்லூரி தொடங்கலாம். மத்தியாஸ் ஆண்டகையோ வந்த மறு ஆண்டே, 1936இல், நம் பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடத்தைத் தொடங்கினார். நகரத்தின் சந்தடியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, அந்நாளில் வயலும் தோப்புமாக இருந்த சிற்றூரில்!

இதன் காரணத்தைத் தேடியபோது 1919ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வாண்டு திருத்தந்தை 15ஆம் ஆசீர்வாதப்பர் ஒரு திருத்தூது மடல் எழுதினார். ‘மாக்சிமும் இல்லுத்’ என்பது அதன் பெயர். மறைபோதகர்கள் தங்கள் சொந்த நாட்டின் பெருமைக்காக உழைக்கக்கூடாது, அந்தந்த நாட்டு மக்களிலிருந்தே நன்கு பயிற்சி பெற்ற குருக்களை உருவாக்க வேண்டும், அவர்களே பிற்காலத்தில் தங்கள் மக்களை வழிநடத்த வேண்டும் என்பதே அதன் சாரம். 1923இல் சேசு சபையைச் சேர்ந்த திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடியின் முதல் ஆயரானார். இக்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவரே. 1926இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் உரோமையில் தம் கையாலேயே சீனக் குருக்கள் 6 பேரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று மத்தியாஸ் ஆண்டகைக்குத் தெரிந்திருந்தது. குருமடம் இல்லாமல் உள்ளூர்க் குருக்கள் இல்லை. உள்ளூர்க் குருக்கள் இல்லாமல் உள்ளூர் ஆயர் இல்லை. அதாவது, தம்முடைய நாற்காலியில் நாளை வேறொருவர் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இந்தக் கட்டடத்தை எழுப்பினார்.

இங்கே எங்களுக்குள் சண்டை வந்துவிட்டது. உண்மையான சண்டை, இரண்டு பேர் ஒரு நாள் பேசிக்கொள்ளவில்லை.

“தூத்துக்குடிக்கு 1923லேயே நம்ம ஆள் பிஷப் ஆகிட்டாரு. மெட்ராசுக்கு மட்டும் ஏன் 1966 வரைக்கும் காத்திருக்கணும்? முப்பது வருஷம் ஒரு வெள்ளைக்காரரே நாற்காலியிலே உட்கார்ந்துட்டு, அடுத்தவங்களுக்கு வழிவிட்டாருன்னு நாம எப்படி எழுதறது?” என்றாள் ஒருத்தி.

குருமடத்தில் அண்ணன் உள்ளவள் உடனே விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். மெய்யியலும் இறையியலும் மட்டும் குறைந்தது 6 ஆண்டுகள். அதற்கு முன் சிறு குருமடம், கல்லூரிப் படிப்பு. நடுவில் பங்குகளில் பயிற்சி. ஆக மொத்தம் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள். 25 வயதுக்கு முன் குருப்பட்டம் கிடையாது. குருவான பிறகு ஆயராகும் அனுபவம் வர இன்னும் எத்தனை ஆண்டுகளோ! “இன்னிக்கு விதை போட்டு நாளைக்கு மாங்காய் பறிக்க முடியுமா?” என்று கேட்டாள். அதற்கு மற்றவள், “விதை போட்டவர் 1936லே போட்டார், சரி. அதுக்கு முன்னாலே இருந்தவங்க ஏன் போடலே?” என்றாள்.

இந்தக் கேள்விக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. இலங்கையிலுள்ள கண்டியில் 1893இலேயே இந்திய, இலங்கை மாணவர்களுக்காகத் திருத்தந்தையின் பெயரால் ஒரு குருமடம் தொடங்கப்பட்டிருந்தது உண்மை. அது 1955இல் புனே நகருக்கு மாறியது. ஆயினும் 330 ஆண்டு வயதுள்ள மயிலாப்பூர் மறைமாவட்டமும் 100 ஆண்டு வயதுள்ள சென்னையும் இதில் இன்னும் விரைந்திருக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் தவறாக நினைக்க வேண்டாம்.

இரண்டு அடுப்புக் கதைக்கு வருவோம். நாடு 1947இல் விடுதலை பெற்றது. அயல்நாட்டு அரசு ஒன்று நம் நாட்டு ஆயரை முன்மொழிவது இனிப் பொருந்தாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. 1950 ஜூலையில் போர்த்துக்கல் திருப்பீடத்தோடு உடன்படிக்கை செய்து மயிலாப்பூர் மீதிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. மயிலாப்பூரின் கடைசிப் போர்த்துக்கீசிய ஆயரான மெதெய்ரோஸ் கெரெய்ரோ ஆண்டகை 1951இல் மொசாம்பிக் நாட்டின் நம்புலாவுக்கு ஆயராகச் சென்றார். 1952 நவம்பர் 13ஆம் நாள் இரண்டு மறைமாவட்டங்களும் ஒன்றாக்கப்பட்டு, ‘சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம்’ பிறந்தது. அன்றே தஞ்சாவூரும் வேலூரும் தனி மறைமாவட்டங்களாயின.

சென்னை-மயிலையின் முதல் பேராயராக மத்தியாஸ் ஆண்டகையே நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 65. சாந்தோம் பேராலயமாயிற்று, ஆர்மேனியன் தெருக் கோவில் இணைப் பேராலயமாயிற்று. தம் பழைய பேராலயத்தை இரண்டாம் இடத்துக்கு இறக்கிவிட்டு, அதுவரை ‘மற்றவர்களுடையது’ என்றிருந்த கோவிலில் போய் அவர் அமர்ந்தார். எங்களுக்கு இது சிறிய காரியமாகத் தோன்றவில்லை. வகுப்பில் இடம் மாற்றி உட்காரச் சொன்னாலே நாங்கள் எவ்வளவு முகம் சுளிக்கிறோம்! இரண்டு தரப்புக் குருக்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதும் எளிதாக இருந்திருக்காது. சாந்தோம் பேராலயம் 1956இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

இதில் இன்னொன்றையும் கவனித்தோம். புதிதாகப் பிரிந்த தஞ்சாவூருக்கு 1953இல் சுந்தரம் ஆண்டகையும், வேலூருக்கு அதே ஆண்டில் மரியசெல்வம் ஆண்டகையும் ஆயர்களாயினர். இருவருமே தமிழர். இதைக் காட்டியதும் சண்டையிட்ட இருவரும் பேசத் தொடங்கினர்; “சரி, கொஞ்சம் வழி விட்டிருக்காங்க” என்று ஒருத்தி ஒப்புக்கொண்டாள்.

சென்னையில் மத்தியாஸ் ஆண்டகை ஆண்ட காலம் மொத்தம் 30 ஆண்டுகள். வியாசர்பாடியில் சலேசியக் குருவான மாந்தோவானி அடிகள் ஏழைகளுக்காகவும் நோயாளிகளுக்காகவும் ‘பியாட்டிட்யூட்ஸ்’ இல்லத்தை நடத்தியதும், எழும்பூரில் தொன் போஸ்கோ பள்ளி 1958இல் எழுந்ததும் அக்காலத்திலேயே. அவற்றைத் தனித்தனியே எழுதினால் மலரில் மற்றவர்களுக்கு இடமிருக்காது.

அவருடைய கடைசி ஆண்டுகளில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான திருவழிபாடு பற்றிய ஏடு, மக்களின் தாய்மொழியில் வழிபாடு நடத்த வாசலைத் திறந்தது. எங்களில் ஒருத்தியின் பாட்டி இன்றும் இலத்தீன் பதிலுரைகளை மனப்பாடமாகச் சொல்வார். “அர்த்தம் என்ன பாட்டி?” என்று கேட்டால், “யாருக்குத் தெரியும்! சாமியாருக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும், போதாதா?” என்பார். அந்தப் பாட்டிதான், பூசையில் முதன்முதலாகத் தமிழைக் கேட்ட நாளில் பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி விம்மி அழுததைச் சொன்னார். தமிழில் பூசை வர வேண்டுமானால் தமிழில் மறையுரை ஆற்றவும், தமிழில் செபங்களை ஆக்கவும் தெரிந்த குருக்கள் வேண்டும். 27 ஆண்டுகளாகப் பூந்தமல்லியில் நடந்துகொண்டிருந்த வேலைக்கு அப்போதுதான் முழுப் பயன் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

மத்தியாஸ் ஆண்டகை 1965 ஆகஸ்ட் 3ஆம் நாள் இத்தாலியிலுள்ள லெஞ்ஞானோ என்னும் ஊரில் இறைவனடி சேர்ந்தார். வயது 78. ஆயர்கள் 75 வயதில் விலகல் கடிதம் தரும் முறை அப்போது இன்னும் வரவில்லை. பேராயராகவே உழைத்து, பேராயராகவே மறைந்தார். சங்கத்தின் இறுதி அமர்வு தொடங்க ஒரு மாதத்துக்குமேல் இருந்தது.

1966இல் அவருடைய நாற்காலிக்கு வந்தவர் அருளப்பா ஆண்டகை. தமிழர், தமிழ்ப் புலமை உள்ளவர். 1987 வரை சென்னை-மயிலையை அவர் வழிநடத்தினார். அவருக்குப் பின் இன்றுவரை அந்த இருக்கையில் அமர்ந்தவர் அனைவரும் தமிழரே. அருளப்பா ஆண்டகை பிறந்த ஆண்டு 1924 என்று படித்ததும் நாங்கள் உடனே கணக்குப் போட்டோம். பூந்தமல்லியில் குருமடம் தொடங்கிய 1936இல் அவருக்கு 12 வயது. ஐம்பதை நெருங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர் வயல்வெளியில் நின்று கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின் வரப்போகும் பேராயர் எங்கோ ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருப்பார். இருவருக்கும் அது தெரியாது. ஷில்லாங்கிலும் இப்படியே நடந்தது. காசி இனத்தவரான தார்சீசியுஸ் பன்ராங் ஆண்டகை 1995இல் அங்கே பேராயரானார்.

கட்டுரையை எழுதி முடித்ததும், குருமடத்துக்கு அண்ணனை அனுப்பிய தோழியின் வீட்டில் உட்கார்ந்து அவளுடைய அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். அவர் அரிசி களைந்துகொண்டே கேட்டார். பாரிசைப் பற்றியும் அஸ்ஸாமைப் பற்றியும் வாசித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. போர்த்துக்கல் அரசர் வந்தபோது, “அவருக்கு எதுக்குடி நம்ம ஊர் வம்பு?” என்றார். லூயி மத்தியாஸ் டூனிசியாவிலிருந்து சிசிலிக்குப் படிக்கப் போன இடத்துக்குத் திரும்பவும் போகச் சொன்னார். வாசித்தோம்.

“அப்போ அவங்க அம்மா?” என்று கேட்டார்.

நாங்கள் தேடிய நூல்களில் அது இல்லை என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, “இவனுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு சொன்னீங்க?” என்றார். தோழி மறுபடியும் விரல் விட்டு எண்ணினாள். பதினொன்று என்று வந்தது. வருகிற இரண்டாம் ஞாயிறு குருமடத்தில் பெற்றோர் போய்ப் பார்க்கலாமாம். அம்மா முறுக்குச் சுடுவதற்கு மாவு அரைக்கக் கொடுத்திருக்கிறார்.